எண்ணத் தெரிந்தால் போதும்: இரகசிய எழுத்தும் சில புத்தகங்களும்

இந்த மாதம் எனக்கு ஒரு தாள் பத்தாது என்று தமிழம்மாவிடம் சண்டை போட்டு இரண்டு தாள் வாங்கியிருக்கிறேன். எழுத்து பொடியாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கிட்ட வந்து நின்று படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

நம்ம பள்ளியில் 'க' பாஷை தெரியாத பெண் கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். 'நாளை வா' என்பது 'கநா களை கவா' ஆகிவிடும். வேகமாகப் பேசினால் யாருக்கும் புரியாது என்று நாம நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு சார் ஒருநாள் 'க' பாஷையிலேயே பதில் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அதில் என்ன கோளாறு என்றால், பேசும் முறைதான் அங்கே இரகசியம். முறை தெரிந்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. நல்ல இரகசிய எழுத்து என்பது, எழுதும் முறை எதிரிக்கே தெரிந்தாலும் சாவி தெரியாமல் படிக்க முடியாததாக இருக்க வேண்டும். இதை 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பூட்டுக்கடைக்காரருக்குத் தெரியும், ஆனாலும் நம் வீட்டுப் பூட்டை அவரால் திறக்க முடியாது இல்லையா? அந்த மாதிரி.

இதற்குக் கம்ப்யூட்டர் புத்தகங்களில் மறைகுறியாக்கம் என்று பெரிய பெயர் போட்டிருக்கும். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இதைப் பற்றி நான் படித்த சில புத்தகங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள். 'அப்போ நமக்கு இல்லை' என்று நகர்ந்து போகிறீர்களா? நில்லுங்க! நான் ஒன்றும் இங்கிலீஷ் மீடியம் இல்லை. உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்தான்.

முதலில் ஒரு கதையில் ஆரம்பியுங்கள். ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரை ஆர்தர் கோனன் டாயில் எழுதினார். அதில் 1903-ல் வந்த ஒரு கதைக்கு 'ஆடும் மனிதர்கள்' என்று பொருள்படும் தலைப்பு. ஒரு வீட்டு ஜன்னல் கட்டையில் சாக்பீஸால் சின்னச் சின்ன மனித உருவங்கள். கையைத் தூக்கி ஒன்று, காலைத் தூக்கி ஒன்று, தலைகீழாக ஒன்று. பார்த்தால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாவுக்கு உயிரே போய்விடுகிறது. ஒவ்வோர் உருவமும் ஓர் எழுத்து. கையில் கொடி வைத்திருந்தால் அங்கே சொல் முடிகிறது என்று அர்த்தம். ஹோம்ஸ் என்ன மந்திரமா போட்டார்? உருவங்களை எண்ணினார். ஆங்கிலத்தில் அதிகமாக வரும் எழுத்து 'ஈ'. ஆகவே அதிகமாக வரும் உருவமும் 'ஈ'யாக இருக்கும். அந்த அம்மாவின் பெயர் எல்சி. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, 'ஈ'யில் தொடங்கி 'ஈ'யில் முடியும். அப்படி ஓர் ஐந்தெழுத்துச் சொல்லைத் தேடிப் பிடித்தால் இன்னும் மூன்று எழுத்து இலவசமாகக் கிடைக்கிறது! முடிவை நான் சொல்லமாட்டேன். எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை, அது மட்டும் சொல்கிறேன். ஹோம்ஸ் கதைகள் தமிழிலும் மொழிபெயர்ப்பாக வந்திருக்கின்றன. எடுக்கும்போது இந்தக் கதை அதில் இருக்கிறதா என்று பொருளடக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, 1843-ல், எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்கர் 'தங்க வண்டு' என்று ஒரு கதை எழுதி நூறு டாலர் பரிசு வாங்கினார். கடல் கொள்ளைக்காரன் கிட் புதைத்து வைத்த புதையலுக்கு வழி ஒரு தோல்துண்டில் இரகசிய எழுத்தில் இருக்கிறது. அதை அவிழ்க்கிற பகுதி அருமை, ஒவ்வொரு படியையும் நமக்குக் கற்றுத்தருகிற மாதிரி எழுதியிருக்கிறார். ஆனால் கதையில் ஜூபிடர் என்று ஒரு கறுப்பினத்தவர் வருகிறார். அவர் பேச்சை வேண்டுமென்றே கொச்சையாக எழுதிச் சிரிப்புக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. புதையல் கிடைத்த பிறகு வரும் பக்கங்களை மட்டும் படித்தாலே போதும் என்பது என் கருத்து. இந்த இரண்டு கதைக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. குட்டன்பெர்க் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கின்றன. நம்ம கம்ப்யூட்டர் அறையில் நெட் வருகிற நாளில் பார்க்கலாம்.

சரி, ஆங்கிலத்துக்கு 'ஈ'. தமிழுக்கு? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் நானே செய்து பார்த்தேன்.

ரோமாபுரி ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதுவாராம். நாமும் செய்யலாம். 18 மெய்யெழுத்தையும் க, ங, ச, ஞ, ட, ண என்று வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் அடுத்த எழுத்தைப் போடுங்கள். ன வந்தால் திரும்ப க. கால், கொம்பு, புள்ளியெல்லாம் அப்படியே இருக்கட்டும். 'தமிழ்' என்பது 'நயிள்' ஆகிவிடும். 'பள்ளி' என்பது 'மற்றி'. என்ன, நல்லா இருக்கா? ஆனால் இதை உடைக்க ஐந்து நிமிடம் போதும். தள்ளுவதற்கு 17 வழிதான் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் முடிந்தது.

வரிசையாகத் தள்ளாமல் குலுக்கிப் போட்டால்? க-வுக்கு 18 எழுத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், ங-வுக்கு மிச்சம் உள்ள 17-ல் ஒன்று, ச-வுக்கு 16-ல் ஒன்று. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 64 கோடி கோடி வழி வருகிறது. கோடி என்று இரண்டு தடவை தெரியாமல் எழுதவில்லை, அவ்வளவுதான் கணக்கு! நொடிக்கு ஒன்று என்று சோறு தண்ணி இல்லாமல் பார்த்தாலும் 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அப்போ உடைக்கவே முடியாதுதானே?

அப்படித்தான் உலகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்தில் இருந்த அல்-கிந்தி என்ற அறிஞர், எழுத்துகளை எண்ணினால் போதும் என்று எழுதி வைத்தார். எழுத்தின் உருவத்தை மாற்றலாம், அது எத்தனை தடவை வருகிறது என்பதை மாற்ற முடியாது. ஆள் மாறுவேடம் போட்டாலும் நடை மாறாது என்று எங்க ஆயா சொல்லும், அது மாதிரி.

என் பெஞ்சுத் தோழியிடம் 18 எழுத்தையும் அவள் இஷ்டத்துக்குக் குலுக்கி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். உயிர்க்குறிகளை மாற்ற வேண்டாம் என்று பேச்சு. எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கையைவிட வேகமாக உதவியது எது தெரியுமா? நாம் தூங்கி வழிகிற இலக்கண வகுப்பு! மெய்ம்மயக்கம், மொழிக்கு முதலில் வரும் எழுத்து, இறுதியில் வரும் எழுத்து என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லியிருப்பதெல்லாம் இரகசிய எழுத்தை உடைக்கிறவர்களுக்கு என்றே செய்த சாவிக்கொத்து மாதிரி இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். அவள் தாளில் 'ற' என்ற எழுத்து எங்கே வந்தாலும் புள்ளியோடுதான் வந்தது. றா, றி, று ஒன்றுகூட இல்லை. தமிழில் அப்படி எப்போதும் புள்ளியோடு திரிகிற எழுத்து எது? ங்! இங்ஙனம், அங்ஙனம் போன்ற சொற்களை விட்டால் இன்றைய எழுத்தில் அது அப்படித்தான் வரும். ங்-க்குப் பக்கத்தில் யார் இருப்பார்? க-தான். அவள் தாளில் ற்-க்கு அடுத்து எப்போதும் ய. ஆக, ற என்றால் ங, ய என்றால் க. ஒரே அடியில் இரண்டு எழுத்து. அடுத்து, பல சொற்கள் 'ற்யச்' என்று முடிந்தன. 'ங்க' தெரியும். அதற்குப் பின்னால் புள்ளியோடு ஓர் எழுத்து. மரங்கள், பாடங்கள், எங்கள், உங்கள்! ச என்பது ள. அடுத்து 'ய்யு' என்று முடிகிற சொற்கள், அதாவது 'க்கு'. வீட்டுக்கு, பள்ளிக்கு, ஊருக்கு. நான்காம் வேற்றுமை உருபு இவ்வளவு உதவி செய்யும் என்று அதைப் பரீட்சைக்கு எழுதும்போது நினைக்கவில்லை. இன்னும் இருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச்சொல்லின் தொடக்கத்தில் வராது (டீ, லாரி, ராக்கெட் எல்லாம் வெளியூர்ச் சரக்கு). ஆகவே சொல்லின் முதலில் நிற்கிற எதுவும் இந்த எட்டில் ஒன்றாக இருக்க முடியாது. ர், ழ் இரண்டும் தன்னோடு தான் சேராது. ஆகவே இரட்டையாக வருவது ர-வும் இல்லை, ழ-வும் இல்லை. இரண்டு சாயங்காலத்தில் முழுப் பக்கத்தையும் படித்துவிட்டேன். அவள் எங்கள் வகுப்பில் யார் யாரைப் பற்றி என்ன எழுதியிருந்தாள் என்பதை இங்கே எழுத முடியாது.

64 கோடி கோடி வழி. உடைக்கத் தேவைப்பட்டது ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும்.

இனி பெரிய புத்தகம். சைமன் சிங் எழுதிய 'த கோட் புக்', 1999-ல் வந்தது. ஆசிரியர் இங்கிலாந்துக்காரர், அவருடைய பெற்றோர் பஞ்சாபிலிருந்து அங்கே போனவர்கள். கிளை நூலகத்தில் ஆங்கில அலமாரியில் கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்தது. பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் கடைசி முத்திரை 2011. அதாவது நான் குழந்தையாக இருந்தபோது யாரோ ஒருவர் படித்திருக்கிறார், அவருக்கு நன்றி. 'இது உனக்கு எதுக்கும்மா, கஷ்டமா இருக்கும்' என்றார் நூலகர். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆங்கில டீச்சர் ஒரு வழி சொன்னார். தெரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் தூக்காதே, அதே சொல் மூன்றாவது தடவை வந்தால் மட்டும் பார். அப்படிப் படித்தால் வாரத்துக்கு 20 பக்கம் ஓடும். பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதிய பதிப்பும் தனியாக இருக்கிறது. கிடைத்தால் அதையே எடுங்கள்.

புத்தகம் ஒரு ராணியின் விசாரணையோடு தொடங்குகிறது. ஸ்காட்லாந்து ராணி மேரி, இங்கிலாந்தில் சிறையில் இருந்தார். 1586-ல் பாபிங்டன் என்பவரும் கூட்டாளிகளும் எலிசபெத் ராணியைக் கொன்றுவிட்டு மேரியை அரியணையில் ஏற்றத் திட்டம் போட்டு, அவருக்கு இரகசிய எழுத்தில் கடிதம் எழுதினார்கள். கடிதங்கள் பீர் பீப்பாயின் அடைப்புக்குள் ஒளித்து உள்ளே போய் வந்தன. எழுத்துக்கு ஒரு குறி, சில சொற்களுக்குத் தனிக் குறி. யாராலும் படிக்க முடியாது என்று நம்பி எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார்கள். நடுவில் இருந்த ஆளே அரசாங்கத்து ஒற்றன். தாமஸ் பெலிப்ஸ் என்பவர் ஒவ்வொரு கடிதத்தையும் உடைத்துப் படித்துவிட்டார். அதோடு விடவில்லை, மேரி எழுதின மாதிரியே கடைசியில் இரண்டு வரி சேர்த்து, கூட்டாளிகளின் பெயர்களையும் கேட்டு அனுப்பினார்! 1587 பிப்ரவரி 8-இல் மேரியின் தலை போனது. பூட்டே இல்லாமல் இருந்திருந்தால் அவர் கொஞ்சம் கவனமாக எழுதியிருப்பார். மட்டமான பூட்டை நம்பினதால் வந்த வினை.

இதே புத்தகத்தில் நவாஹோ மக்கள் பற்றி ஓர் இடம் வரும். அமெரிக்காவின் பழங்குடிகள். அரசாங்க விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் அடி. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தபோது அதே மொழிதான் அதே அரசாங்கத்துக்கு இரகசியச் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. டாங்கிக்கு ஆமை, போர் விமானத்துக்குத் தேன்சிட்டு என்று அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்துப் பேசினார்கள். ஜப்பானியரால் கடைசிவரை அதைப் படிக்க முடியவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது.

ஜெர்மனியின் எனிக்மா எந்திரம் பற்றிய அத்தியாயங்கள் நீளம். எந்திரத்தின் படத்தை நோட்டில் வரைந்துகொண்டு படித்தால்தான் பிடிபடும். போலந்து நாட்டின் மரியன் ரெஜெவ்ஸ்கி 1932-லேயே அதை உடைக்கத் தொடங்கிவிட்டார் என்பது முக்கியம். எல்லாப் புகழும் ஆலன் டூரிங்குக்குப் போய்விடுகிறது. கடைசி அத்தியாயம் குவாண்டம் பற்றியது. எனக்கு ஏறவில்லை, நீங்கள் பெரியவர்களானதும் படித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தின பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் வீட்டில் இருக்கிற செல்போன் சம்பந்தப்பட்டது அது. 89-ஐயும் 97-ஐயும் பெருக்கு என்றால் ஒரு நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவோம். 8633 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கம் இருந்தால் கம்ப்யூட்டரே திணறும். போவதற்கு எளிது, திரும்புவதற்குக் கஷ்டம். இதை வைத்து 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூன்று பேர் ஒரு பூட்டுச் செய்தார்கள். இங்கிலாந்தில் கிளிஃபர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். அரசாங்க இரகசியம் என்பதால் 1997 வரை வெளியே சொல்ல முடியவில்லை. பாவம்!

இந்த மாதிரிப் பூட்டுகள்தான் பேங்க் செய்திகளைக் காக்கின்றன. அவை மேரியின் பூட்டு மாதிரி இல்லை, எண்ணி உடைக்க முடியாது. அப்படி இருந்தும் எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்குப் பணம் போனது எப்படி? 'பேங்க்கில் இருந்து பேசுறோம், உங்க கார்டு முடங்கப்போகுது' என்று ஒருவன் போன் செய்தான். செல்லில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டான். குழுக் கடன் கட்ட வைத்திருந்த 9,000 ரூபாய் போய்விட்டது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, உடைக்க முடியாது என்பதால்தான் சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள். அத்தை மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் பேசின பேச்சு அப்படி, அம்மா அம்மா என்றானாம். அந்த ஆறு இலக்கம்தான் சாவி என்று யாருமே அவருக்குச் சொல்லித்தரவில்லை. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் இதை விளக்குங்கள். 'யார் கேட்டாலும் சொல்லாதே' என்று மட்டும் சொன்னால் நிற்காது, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவேளை யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொரு புத்தகம் பெண்பிள்ளைகளுக்காக. லைசா மண்டி எழுதிய 'கோட் கேர்ள்ஸ்', 2017. சிறுவர் பதிப்பு 2018-ல் வந்தது. இரண்டாம் உலகப்போரில் எதிரியின் இரகசியச் செய்திகளை உடைக்க அமெரிக்காவில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். அதில் பலர் பள்ளிக்கூட டீச்சர்கள்! ஜெனிவீவ் குரோட்ஜன் என்பவர் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தர ஆசைப்பட்டார், வேலை கிடைக்கவில்லை. 1940 செப்டம்பரில் ஜப்பானின் 'பர்ப்பிள்' என்ற இரகசிய முறையைத் திறக்கும் கண்ணி அவர் கண்ணில்தான் பட்டது. தாள் தாளாக எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்து கண்டுபிடித்தார்.

இங்கிலாந்தில் மேவிஸ் லீவர் என்று ஒருவர், 19 வயதில் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தவர். ஒருநாள் இத்தாலியர் அனுப்பின நீளமான செய்தி ஒன்றைப் பார்க்கிறார். அதில் 'எல்' என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை. நமக்கென்றால் என்ன தோன்றும்? ஒன்றும் தோன்றாது. எனிக்மாவில் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அந்தப் பக்கம் இருந்த ஆள் சும்மா சோதனைக்காக 'எல்' விசையை மட்டுமே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்! முழுச் செய்தியும் 'எல்' என்று தெரிந்துவிட்டால் எந்திரத்தின் உள்ளே பார்த்துவிட்ட மாதிரிதானே. இருக்கிறதை எண்ணுவது ஒரு திறமை என்றால், இல்லாததை எண்ணினார் மேவிஸ். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் எடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் 'பொம்பளப் பிள்ளைக்கு அது சரிவருமா' என்று ஒரு பேச்சு வந்தது. இந்த இரண்டு பேரின் கதையையும் அப்பாவிடம் சொன்னேன். 'பார்க்கலாம்' என்றார். அப்பா பார்க்கலாம் என்றால் பாதி சரி என்று அர்த்தம்.

படிக்க நேரமில்லை, கையால் செய்து பார்க்கத்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு மார்ட்டின் கார்டனர் 1972-ல் எழுதிய ஒரு மெல்லிய புத்தகம் இருக்கிறது. சங்கேத எழுத்து, குறியீடு, மறைவாக எழுதுவது எல்லாம் அதில் உண்டு. எலுமிச்சைச் சாற்றில் எழுதிக் காயவைத்துச் சூடு காட்டினால் எழுத்து பழுப்பாகத் தெரியும், செய்து பாருங்கள். எல்.இ.டி. பல்பில் அவ்வளவு சூடு வராது. இஸ்திரிப்பெட்டிதான், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது.

இப்போது உங்கள் வேலை. ஆடும் மனிதர்கள் கதையை நான் தமிழில் என் போக்கில் ஒரு 40 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், படமும் போட்டிருக்கிறேன். நம் பள்ளி நூலக அறையில் அது எங்கே இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ழூட்ஞாழ் அனழாறி ழேன் ரம்மின் ரேமு

சீசர் மாதிரி வரிசையாகத் தள்ளினதுதான், குலுக்கவில்லை. எத்தனை இடம் என்று சொல்லமாட்டேன். தனியாக நிற்கிற உயிரெழுத்து மாறவில்லை. முதல் எழுத்தைப் பாருங்கள், தமிழில் அது முதலில் வருமா? நான்காவது சொல்லில் ஓர் எழுத்து இரட்டிக்கிறது, அதையும் பாருங்கள். கண்டுபிடிப்பவர் நோட்டை எடுத்துப் படித்துவிட்டு, பின் அட்டையில் பெயரும் வகுப்பும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடவும். கண்டுபிடித்ததை மற்றவர்களுக்கு 'க' பாஷையில்கூடச் சொல்லக்கூடாது.